மூன்றாம் பாட்டில் உடையும் கண்ணாடி

ஜூன் 9

அன்புள்ள அண்ணா,

போன மூன்று கடிதங்களுக்கும் நீ பதில் போடவில்லை. பரவாயில்லை, அவை நலம் விசாரித்த கடிதங்கள். இது அப்படியல்ல. உன்னைத் தவிர வேறு யாரிடமும் கேட்க முடியாத ஒன்றைக் கேட்கப்போகிறேன்.

பள்ளி ஆண்டு மலருக்கு ஒரு விமர்சனக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார் டீச்சர். "புத்தகத்தப் பத்தி வேண்டாம். நீதான் நூலகத்தையே தின்னு முடிச்சிட்டியே. மனசுக்கு ரொம்ப நெருக்கமான வேற ஏதாவது ஒண்ண எழுது," என்றார். எல்லோரும் சினிமாவைப் பற்றி எழுதுகிறார்கள். நான் நெருப்பு நாற்காலியைப் பற்றி எழுதிவிட்டேன்.

உனக்கு மறந்திருக்காது. கறுப்பு அட்டை, காலியான மண்டபம், நடுவில் ஒரே ஒரு நாற்காலி தீப்பற்றி எரியும். ஆல்பத்தின் உண்மையான பெயர் முள்வேலி மாதிரி எழுத்தில் இருந்ததால் நம் வீட்டில் யாரும் அதைப் படித்ததே இல்லை. அப்பாவின் இசைத்தட்டிலிருந்து அதைக் கேசட்டில் பதிந்து எனக்குக் கொடுத்தாய். இஸ்திரி மேசைக்கு அடியில் என்னை உட்காரவைத்து, ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, "முடியிற வரைக்கும் கழட்டினா நீ அவுட்டு" என்பாய். நான் ஒருமுறைகூட அவுட் ஆனதில்லை. எனக்கு ஏழு வயதாக இருந்தபோது நீயும் அப்பாவும் ஒரே வாரத்தில் வீட்டை விட்டுப் போனீர்கள். கேசட்டும் உன்னோடு போய்விட்டது. அதற்குப் பிறகு அதை நான் கேட்டதில்லை. ஆனால் ஒவ்வொரு அடியும் தெரியும். ஞாபகத்திலிருந்தே ஒன்பது பக்கம் எழுதினேன்.

என் வாதம் இதுதான். மெட்டல் இசை என்றாலே வன்முறை என்று சொல்கிறார்கள். அத்தையும் உன்னைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "அந்தக் காட்டுக்கத்தல் பாட்டாலதான் பையன் ரவுடியாப் போனான்" என்கிறாள். எனக்கோ அந்த ஆல்பத்தைப் போலப் பத்திரமான இடம் உலகத்தில் வேறு இல்லை. கிடார் சுவர் மாதிரி நாலு பக்கமும் எழும்புகிறது. உள்ளே இருக்கிற ஆளை யாரும் தொட முடியாது.

முக்கியமான சான்று மூன்றாவது பாட்டு. நடுவில் எல்லா வாத்தியமும் சட்டென்று நின்றுவிடும். இரண்டு மூச்சு நேரம் மௌனம். அந்த மௌனத்தில், ரொம்பத் தூரத்தில், ஒரு கண்ணாடி உடையும். ஒரு பெண்குரல் "ஐ" என்று ஆரம்பிக்கும், முடிக்காது. உடனே நாலு வாத்தியக்காரர்களும் ஒன்றாக இறங்குவார்கள். அந்தச் சின்ன உடைசல் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் இரைச்சல் என்று எழுதியிருக்கிறேன். டீச்சர் அந்த வரியின் கீழ் இரண்டு கோடு போட்டார்.

ஒப்பிடுவதற்கு நீலக் குதிரையை எடுத்துக்கொண்டேன். எல்லோருக்கும் பிடித்த ராக் ஆல்பம், தூங்குவதற்கு முன்னால் கேட்பது, புல்லாங்குழலோடு தொடங்குவது. அது ஒரு பொய்யான ஆல்பம் என்று மூன்று காரணங்களோடு நிறுவியிருக்கிறேன். உண்மையான காரணம், கடைகளில் அது கேட்டாலே வாங்க வந்ததை விட்டுவிட்டு வெளியே ஓடிவந்துவிடுகிறேன். அதை விமர்சனத்தில் எழுத முடியாதல்லவா, அதனால் 'வடிவக் குறைபாடு' என்று எழுதினேன்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். கேசட்டைப் போட்டு, மூன்றாவது பாட்டில் உடைவது ஒரு கண்ணாடியா, இரண்டா என்று கேட்டுச் சொல். விமர்சகர்கள் துல்லியமாக இருக்க வேண்டும்.

மேல்மாடிக்கு ஒரு இரவுக் காவலாளி குடிவந்திருக்கிறார். பகலில் தூங்குகிறவர். இங்கே கரண்டி விழுந்தால் அங்கே தடியால் தரையை இடிக்கிறார். அம்மா நலம். அத்தை அடிக்கடி வருகிறாள்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
புழு

ஜூன் 16

புழுவுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். கையில் கட்டு.

இங்கே பழைய கார்களை உடைக்கிற வேலை. கண்ணாடி, சீட், இன்ஜின் எல்லாவற்றையும் பிரித்துவிட்டு மிச்சத்தை நசுக்கும் மிஷினில் போடுவோம். போன வாரம் ஒரு காரில் நல்ல டேப் செட் கிடைத்தது. என்னோடு வேலை செய்கிற பல்லன் (அவனே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்வான், முன்பற்கள் இரண்டும் வாசலுக்கு வெளியே நிற்கும்) அதை பேட்டரியில் மாட்டி, உள்ளே இருந்த கேசட்டை ஓடவிட்டான். உன் நீலக் குதிரைதான். புல்லாங்குழல் ஆரம்பித்ததும் நான் சம்மட்டியால் அந்தச் செட்டை அடித்தேன். பல்லன் கையை எடுக்கவில்லை. அவனுக்கு இரண்டு விரல் நசுங்கிவிட்டது. அவன் சும்மா இருப்பானா? இன்னொரு கையால் ஜாக்கிக் கம்பியை எடுத்து என் மணிக்கட்டில் போட்டான். பிறகு இரண்டு பேரும் கண்ணாடித் தூளில் உருண்டோம். முதலாளி தண்ணீர்க் குழாயை எங்கள் மேல் திருப்பித்தான் பிரித்தார், நாய்களைப் பிரிக்கிற மாதிரி.

"பாட்டுக்காடா கைய உடைச்ச?" என்றான் பல்லன், வாயில் ரத்தத்தோடு.

"அது பாட்டு இல்ல."

"எம் பொண்ணு பொறந்தப்ப ஆஸ்பத்திரி வாசல்ல அதுதான்டா ஓடிச்சு. எனக்கு அது உசுரு."

அவன் சொன்னதும் நிஜம்தானே.

நீ கேட்ட விஷயம். போட்டுக் கேட்டேன். ஒரு கண்ணாடிதான். போதுமா? இனி வேறு ஏதாவது ஆல்பத்தைப் பற்றி எழுது. இல்லாவிட்டால் எறும்புகளைப் பற்றி எழுது.

அத்தை எதற்கு அடிக்கடி வருகிறாள்? அதை விட்டுவிட்டாயே, விமர்சகி. அதைத் துல்லியமாக எழுது.

அண்ணன்

ஜூன் 24

அன்புள்ள அண்ணா,

கண்ணாடி இல்லை.

டீச்சர் தன் தம்பியிடமிருந்து நெருப்பு நாற்காலி இசைத்தட்டை வாங்கிவந்து வகுப்பிலேயே போட்டார். முதலில் என் கட்டுரையைப் படித்துக்காட்டினார். மூன்றாவது பாட்டு வந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியங்கள் நின்றன. மௌனம். அதில் ஒன்றுமே இல்லை. ஒரு மயிரிழை சத்தம்கூட இல்லை. மறுபடியும் வாத்தியங்கள் இறங்கின. டீச்சர் ஊசியைப் பின்னுக்கு வைத்து மீண்டும் போட்டார். அப்போதும் இல்லை.

"கேக்காமலேயே எழுதினியா?" என்று மெல்லத்தான் கேட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

அன்றிலிருந்து என் பின்பெஞ்சுக்காரி நான் எழுந்தாலும் உட்கார்ந்தாலும் "சிலீர்" என்கிறாள். நான் விடை சொன்னால் "சிலீர்." கழிப்பறைக்குப் போனால் "சிலீர், ஐ." நேற்று அந்த 'ஐ'யைக் கேட்டதும் எனக்குள் என்னவோ ஆகிவிட்டது. ஜியோமெட்ரி பாக்ஸால் அவள் முகத்தில் அடித்தேன். ஒருமுறை இல்லை. அவள் கீழே விழுந்த பிறகும் அடித்தேன். புருவம் பிளந்து ரத்தம் என் நோட்டிலெல்லாம் தெறித்தது. நான்தான் அடித்தேன் என்று எனக்கே நம்ப முடியவில்லை. நான் ஈயைக்கூடப் புத்தகத்தால் அடிக்காதவள், புத்தகம் அழுக்காகிவிடும் என்று. ஒரு வாரம் பள்ளிக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். "அண்ணனோட ரத்தம், அதான்," என்றாள் அத்தை. அம்மா வழக்கம்போல் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். அவளுடைய இடது காதுமடல் இரண்டாகக் கிழிந்திருக்கிறதல்லவா, யோசிக்கும்போதெல்லாம் அந்த இடத்தைத்தான் தடவுவாள்.

உன் கேசட்டில் இருக்கிறது என்று எழுதினாய். அதை உடனே அனுப்பு. வகுப்பில் போட்டுக்காட்ட வேண்டும்.

அத்தை வருவதற்குக் காரணம் அப்பா. அவர் இப்போது குடிப்பதே இல்லையாம். என்னைப் பார்க்க வேண்டுமாம், எல்லாம் சரியாக அமைந்தால் இங்கேயே இருந்துவிடுவாராம். இது அத்தையின் வீடு என்பதால் அம்மாவால் வெடுக்கென்று மறுக்க முடியவில்லை. "அவளக் கேளுங்க. அவளுக்கு இஷ்டம்னா வரட்டும்," என்று என்னைக் காட்டிவிட்டாள். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

புழு

ஜூலை 1

புழு,

கேசட்டை அனுப்ப முடியாது. போட்டுப் பார்த்தபோது நாடா அறுந்துவிட்டது.

டீச்சரிடம் இப்படிச் சொல். அப்பாவிடம் இருந்தது முதலில் அச்சான தட்டு. அதில் கண்ணாடி உண்டு. பிறகு வந்த தட்டுகளில் அந்தச் சத்தத்தை எடுத்துவிட்டார்கள். உன் டீச்சரின் தம்பியிடம் இருப்பது பின்னால் வந்தது. விஷயம் அவ்வளவுதான். நீ பொய் சொல்லவில்லை.

அப்பா வரக்கூடாது. வேண்டாம் என்று சொல். ஏன் என்று கேட்காதே.

அந்தப் பெண்ணை அடித்தது தப்பு. அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பல்லனின் விரல்கள் கோணலாகவே கூடிவிட்டன. ஆனாலும் மத்தியானம் அவன் டப்பாவிலிருந்து எனக்குப் பாதி கொடுக்கிறான்.

திரும்பவும் சொல்கிறேன். வேண்டாம் என்று சொல்.

அண்ணன்

ஜூலை 6

அண்ணா,

'ஏன் என்று கேட்காதே' என்பது ஒரு வாதமே இல்லை. அதை ஏற்றுக்கொண்டால் நான் இத்தனை நாள் படித்ததற்கு அர்த்தமில்லை.

நீ முதல் அச்சைப் பற்றிச் சொன்னதும் எனக்கு உயிர் வந்தது. அன்றைக்கே அத்தை வீட்டுப் போனில் அப்பாவிடம் பேசினேன். எவ்வளவு வருடமாகிவிட்டது, குரலை உடனே கண்டுபிடித்துவிட்டார். "என்னடா கண்ணு, அப்பாவ மறந்துட்டியா?" என்றார். நெருப்பு நாற்காலி இன்னும் அவரிடம் இருக்கிறது. நீலக் குதிரையும் இருக்கிறது. "எல்லாத்தையும் எடுத்துட்டு வர்றேன். ஸ்பீக்கரோட ஒரு பிளேயரும் கொண்டு வர்றேன், அது உனக்கு," என்றார். வரச் சொல்லிவிட்டேன். பதினான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.

அவருடைய மணிக்கட்டை உடைத்தது நீ. இஸ்திரிப் பெட்டியால் அடித்தாய் என்று அத்தை சொல்லியிருக்கிறாள். இசைத்தட்டுகளுக்காக நடந்த சண்டை என்று சொன்னாள். அம்மாவிடம் கேட்டால் அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறாள். உன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஆனால் ஒரு தட்டுக்காக ஒருவர் கையை உடைத்த நீ, அவரைப் பார்க்காதே என்று என்னிடம் சொல்லக்கூடாது.

புழு

ஜூலை 10

புழு,

இதை உட்கார்ந்து படி. உன்னிடம் சொல்ல மாட்டேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அப்படியே இருக்கட்டும்டா," என்றாள். இனிமேல் அது நடக்காது.

முதல் அச்சு என்று எதுவும் இல்லை. நான் கட்டிய கதை. கேசட்டும் அறுந்துபோகவில்லை. என் பெட்டியில்தான் இருக்கிறது. அதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு பாட்டுகூட. உன் காதிலிருந்து வெளியே கசியும் 'ச்சிக் ச்சிக்' மட்டும்தான் எனக்குத் தெரிந்த நெருப்பு நாற்காலி. ஹெட்ஃபோன் உன் காதில் இருந்தது. என் காதில் அந்த அறை இருந்தது.

அப்பா வேலையிலிருந்து வருவார். சட்டையைக் கழற்றி மாட்டுவார். நீலக் குதிரையைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடி உட்காருவார். பார்த்தால் சாமியார் என்று நினைப்பாய். தட்டின் அந்தப் பக்கம் முடிகிறவரை யாரையும் தொட மாட்டார். ஊசி நடுவுக்குப் போய் 'கிர் கிர்' என்று சுற்றும். அப்போது எழுந்திருப்பார். ஏதாவது ஒன்று தப்பாக இருக்கும். செருப்பு கிடக்கிற விதம். தண்ணீரின் சூடு. அம்மா பார்த்த பார்வை. குடித்திருந்தாலும் குடிக்காவிட்டாலும் அதே கைதான், அதனால் அத்தை சொல்வதை நம்பாதே. பெல்ட் இருந்தால் பெல்ட், இல்லாவிட்டால் முடியைப் பிடித்துச் சுவர். கீழ்வீட்டில் ரேடியோ சத்தத்தைக் கூட்டுவார்கள். அவர்களுக்கும் கேட்க வேண்டாமல்லவா.

அந்தப் பக்கம் முடிவதற்குள் உன்னை மேசைக்கு அடியில் தள்ளி ஹெட்ஃபோனை மாட்டிவிட வேண்டும். அதுதான் விளையாட்டு. வீட்டிலிருந்த தட்டுகளில் எது அதிகச் சத்தமோ அதைத்தான் பதிந்தேன். ரசித்து எடுத்ததில்லை.

கடைசி நாளன்று அம்மாவின் தோட்டைப் பிடித்து இழுத்தார். காது கிழிந்தது. பிறகு அலமாரிக் கண்ணாடியில் அவள் தலையை மோதினார். அதுதான் உன் கண்ணாடி. உன் பாட்டு சரியாக அந்த நேரத்தில் நின்றிருக்கிறது. நீ கேட்டது பாட்டை இல்லை, அம்மாவை. அவள் ஏன் 'ஐயோ'வை முடிக்கவில்லை தெரியுமா? வாயைப் பொத்தினார். அதற்குப் பிறகு சூடாக இருந்த இஸ்திரிப் பெட்டியை எடுத்து அவள் முகத்துக்கு நேரே கொண்டுபோனார். நான் அதைப் பிடுங்கி அவர் மணிக்கட்டில் அடித்தேன். எலும்பு உடைகிற சத்தம் கேட்டும் இன்னொருமுறை அடித்தேன். அம்மா தடுக்காவிட்டால் மண்டையில் அடித்திருப்பேன். அதற்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

இங்கே ஒரே ஒரு போன், முதலாளி பூட்டி வைத்திருக்கிறார். அதனால் இதை வேகத் தபாலில் போடுகிறேன். அத்தையிடம் சொல்லி நிறுத்து. முடியாவிட்டால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போய்விடு.

அண்ணன்

ஜூலை 13

அண்ணா,

படித்தேன். கிழித்துவிட்டேன்.

நீ என்னிடம் மூன்று பொய் சொன்னதாக நீயே எழுதியிருக்கிறாய். நான்காவது விஷயத்தை மட்டும் நான் ஏன் நம்ப வேண்டும்? எனக்குத் தெரிந்த ஒரே பத்திரமான இடத்தையும் எடுத்து நசுக்கும் மிஷினில் போட்டுவிட்டாய்.

அவர் நாளைக்கு வருகிறார். தட்டைக் கேட்டால் யார் சொல்வது நிஜம் என்று தெரிந்துவிடும்.

ஜூலை 17

அன்புள்ள அண்ணா,

அம்மா உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிட்டேன். தலையில் தையல், இரண்டு விலா எலும்பில் விரிசல். எனக்கு உதடு கிழிந்திருக்கிறது, ஒரு பல் ஆடுகிறது. மற்றதை வரிசையாக எழுதுகிறேன், வரிசையாக எழுதினால்தான் எதுவும் விட்டுப்போகாது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தார். நன்றாகச் சவரம் செய்து, புதுச் சட்டை போட்டிருந்தார். வலது மணிக்கட்டு ஒரு பக்கமாக வளைந்திருந்தது. டீ டம்ளரை இடது கையால் பிடித்ததைப் பார்த்ததும் எனக்குப் பாவமாகிவிட்டது. பிளேயரைத் தானே மாட்டினார். "காத்து அடிக்குது," என்று சொல்லிக் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். காற்று அடிக்கவில்லை.

"அப்பா, நெருப்பு நாற்காலி," என்றேன்.

"அவசரப்படாத கண்ணு. மொதல்ல இது."

நீலக் குதிரையைப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா மேசையிலிருந்த கண்ணாடி டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரிக்குள் வைத்தாள். சத்தமே வரவில்லை. பூச்சாடியை ஜன்னலோரத் திரைக்குப் பின்னால் நகர்த்தினாள். இஸ்திரிப் பெட்டியின் வயரைச் சுற்றிப் பரணில் போட்டாள். அப்புறம், அண்ணா, வலது காதில் இருந்த ஒற்றைத் தோட்டைத் திருகிக் கழற்றி ஒரு கிண்ணத்தில் வைத்தாள். இதில் எதையும் அவள் யோசித்துச் செய்யவில்லை. பாட்டு அவள் கையைப் பிடித்துச் செய்யவைத்தது. கிழித்துப்போட்ட உன் கடிதம் வரி வரியாக என் கண்முன்னால் ஒட்டிக்கொண்டு வந்தது.

அவளருகே போய் "போயிடலாம்மா," என்றேன் காதோடு.

"சாவி," என்றாள், உதடு அசையாமல்.

ஊசி உள்ளே போனது. 'கிர் கிர்.' அவர் கண்ணைத் திறந்தார்.

"டம்ளர் எல்லாம் எங்க?"

அம்மா அலமாரியை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"கேக்கறேன்ல. நான் என்ன பைத்தியமா? வந்ததும் வராததுமா கண்ணாடிய ஒளிச்சு வைக்கிற?"

அவ்வளவுதான். இடது கையால் முதல் அறை. அது இப்போது வலது கை மாதிரியே பழகிவிட்டிருக்கிறது. அம்மா சுவரில் மோதி நிமிர்வதற்குள் முடியைப் பிடித்துவிட்டார். நான் குறுக்கே போனேன். முழங்கையால் என் வாயில் இடித்தார். நான் விழுந்தது இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில். அடியில் அந்த இடம் இன்னும் அப்படியே இருந்தது. உள்ளே போய்விடத்தான் முதலில் தோன்றியது. ஆனால் ஹெட்ஃபோன் மாட்டிவிட நீ இல்லை.

பிளேயர் என் கைக்கு எட்டியது. நெருப்பு நாற்காலியைப் போட்டேன். இரண்டு ஸ்பீக்கரையும் மல்லாக்கத் திருப்பி மேல்மாடியைப் பார்க்கவைத்தேன். சத்தத்தை முழுசாகக் கூட்டி, ஊசியை மூன்றாவது பாட்டின் கோட்டில் வைத்தேன்.

அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "போடு. நல்லாப் போடு. யாருக்கும் ஒண்ணும் கேக்காது," என்று கத்தினார்.

மேலே தடியால் இடிக்கும் சத்தம் தொடங்கியது. அப்புறம் படிக்கட்டில் காலடி. காவலாளி எங்கள் கதவைத் தட்டித் திட்டினார். ஒரு சொல்கூடப் புரியவில்லை. அப்பா அம்மாவின் தலையை அலமாரிக் கதவில் மோதிக்கொண்டிருந்தார், தாளத்தோடு இல்லை, தன் இஷ்டத்துக்கு. விலாவில் உதைத்தார். நான் பூச்சாடியைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலருகே நின்றேன். நான் எதற்காகக் காத்திருந்தேன் என்று உனக்குப் புரியும். அந்த மௌனம் எந்த அடிக்குப் பிறகு வரும் என்று இந்த உலகத்தில் என்னைவிடத் துல்லியமாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

வாத்தியங்கள் நின்றன. பூச்சாடியை ஜன்னல் கண்ணாடியில் வீசினேன். அது உடைந்த சத்தம் தெருவரைக்கும் போனது. "எங்கம்மாவக் கொல்றாரு," என்று கத்தினேன். அம்மாவும் கத்தினாள். இந்த முறை அவள் 'ஐயோ'வை முழுசாக முடித்தாள். பாட்டு மறுபடியும் இறங்குவதற்கு முன்னால் காவலாளி தன் தோளால் கதவில் மோதிவிட்டார்.

கதவு மூன்றாவது மோதலில் பெயர்ந்தது. அவர் லுங்கியோடு, கண்ணெல்லாம் சிவந்து நின்றார். "தூங்கவிட மாட்டீங்களாடா," என்றவர் தரையைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். பிறகு தடியைத் தூக்கினார். அப்பா ஒரு நாற்காலியைத் தூக்கி அவர்மேல் எறிந்தார். தடி அப்பாவின் நல்ல மணிக்கட்டில் விழுந்தது. கீழ்வீட்டுத் தையல்கார அக்காவும் இன்னும் மூன்று பேரும் அப்பாமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். போலீஸ் வரும்வரை தட்டு ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்த வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. யாருக்கும் கேட்கவில்லை என்று இத்தனை காலம் அவர் நினைத்திருந்ததற்கு இது சரியான பதில் என்று எனக்குப் பட்டது.

அத்தை ஆஸ்பத்திரிக்கு வந்தாள். "வீட்ட காலி பண்ணிடுங்க," என்றாள் அம்மாவிடம். "சந்தோஷமாப் பண்றோம்," என்றாள் அம்மா. காவலாளி வேலை செய்கிற கட்டடத்தில் ஒரு அறை காலியாக இருக்கிறதாம். "ஆனா பாட்டு மட்டும் வைக்கக்கூடாது," என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நேற்று டீச்சரிடம் கட்டுரையைத் திரும்ப வாங்கி ஒரு வரியைத் திருத்தினேன். 'இந்த ஆல்பத்தில் ஒரு கண்ணாடி உடைகிறது' என்பதை 'எங்கள் வீட்டில் ஒரு கண்ணாடி உடைகிறது' என்று மாற்றினேன். அந்த ஒன்பது பக்கத்தில் வேறு ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. அது பத்திரமான ஆல்பம்தான், அண்ணா. நீ ரசித்து எடுக்கவில்லை என்பதால் அது இல்லை என்று ஆகிவிடாது. பின்பெஞ்சுக்காரியிடம் மன்னிப்பும் கேட்டேன். "சிலீர்னு இனிமே சொல்ல மாட்டேன், அந்த டப்பாவ மட்டும் வீட்டுல வெச்சிட்டு வா," என்றாள்.

அம்மா தலையில் கட்டோடு படுத்துக்கொண்டு ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாள். "அவன வரச் சொல்லு."

நான் இன்னொன்று சொல்கிறேன். வருவதற்கு முன்னால் அந்தக் கேசட்டைப் போட்டுக் கேள். நீ அதைக் கேட்டதே இல்லை என்று எழுதியதுதான் நீ எழுதியதிலேயே எனக்குத் தாங்க முடியாத வரி.

உன் புழு

ஜூலை 21

புழு,

வியாழக்கிழமை பஸ்ஸுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். முதலாளி "எப்ப திரும்புவ?" என்றார். தெரியாது என்றேன். அம்மாவிடம் சொல்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நசுக்கும் மிஷின் பக்கம் போய், ஒரு காரின் கதவுகளைச் சம்மட்டியால் உடைத்தேன். பிரிக்க வேண்டிய அவசியமே இல்லாத கார். பல்லன் தடுக்கவில்லை. தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். கை ஓய்ந்ததும், "முடிஞ்சுதா? இன்னும் ரெண்டு கதவு இருக்கு," என்றான்.

அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் எழுந்துபோய் வேறொரு காரிலிருந்து டேப் செட்டைக் கழற்றி வந்தான். கோணல் விரலால் வயரை முறுக்கி பேட்டரியில் மாட்டினான். "சம்மட்டி எங்க? மொதல்ல அத அந்தப் பக்கம் வை," என்றான். கண்ணாடி எடுத்த ஒரு காரில் இரண்டு பேரும் முன்சீட்டில் உட்கார்ந்து கேசட்டைப் போட்டோம்.

"என்னடா இது, தகரக் கூரைல ஆலங்கட்டி மழை மாதிரி," என்றான் பல்லன். முதல் பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவதில் அந்த 'ச்சிக் ச்சிக்' வந்தது. உன் காதோரம் கசிந்துகொண்டிருந்ததே, அதுதான். அதைச் சுற்றி இவ்வளவு பெரிய பாட்டு இருந்திருக்கிறது. நீ சொன்ன சுவர் எனக்கும் தெரிந்தது. உன்னை ஒரு நல்ல இடத்தில்தான் உட்காரவைத்திருக்கிறேன்.

மூன்றாவது பாட்டு வந்ததும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வாத்தியங்கள் நின்றன.

அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, புழு. பல்லன் மூச்சுவிடுவது மட்டும் கேட்டது. பின்னுக்கு ஓட்டி மறுபடியும் போட்டேன். அப்புறம் இன்னொருமுறை. பல்லன் என் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல், அந்த மௌனம் வரும்போதெல்லாம் தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

அண்ணன்